புழுதிக் காட்டில் கையடக்கக் கேமரா: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கையடக்கக் கேமரா ஒன்று பழுதாகி நிற்கும்போது அதை வைத்திருப்பவர் மனத்தில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதைச் சரிசெய்வதா, இதைவிட நல்லதாக ஒன்று வாங்கிவிடுவதா? ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கேமரா ஏன் கெட்டது என்பது ஒன்று. கெடாமல் இருந்த நாளிலும் அது நமக்குப் போதுமானதாக இருந்ததா என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை கருவிக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள காற்றிலும் வெப்பத்திலும் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை நாம் எடுத்த படங்களிலும், எடுக்க முடியாமல் போன படங்களிலும் இருக்கிறது. இவற்றைப் பிரிக்காமல் யோசிப்பதால்தான் ஒரு பேட்டரியோடு முடிய வேண்டிய செலவு புதுக் கேமரா வரை போய் நிற்கிறது. எத்தனை முறை சரிசெய்தாலும் தேவைக்கு எட்டாத கருவிக்குப் பணம் கொட்டிக்கொண்டிருப்பதும் இதனால்தான். பழுது வந்த நேரத்தில் தர உயர்வைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. பந்தல்குடி போன்ற வறண்ட நிலத்தில் இருப்பவர், பின்னால் ஆற அமர அந்த முடிவை எடுக்கும்போதும், மெகாபிக்சல் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் கேமராவுக்குள் தூசி போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பந்தல்குடி. அங்கிருந்து திருச்சுழி வரை கரிசலும் செம்மண்ணும் கலந்த மானாவாரிக் காடு. ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களில் மண் காய்ந்து பொடியாகிக் கிடக்கும். சிமென்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லை வெட்டும் சுரங்கம், கல்லேற்றிச் செல்லும் லாரிகள், சீமைக்கருவேல விறகை வேகவைக்கும் கரிமூட்டங்கள் எல்லாம் அந்தப் பொடியோடு தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. ஆடிக் காற்று எழும்பினால் மூடிய அலமாரிக்குள்ளும் புழுதி படியும். கேமராப் பராமரிப்பு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் பூஞ்சைக்குத்தான் அஞ்சச் சொல்கின்றன. நாகர்கோவிலுக்கும் கேரளத்துக்கும் அது சரி. இங்கே பூஞ்சை, மழைக்காலத்தில் தோலுறைக்குள் பூட்டி வைத்த கேமராவைப் பிடிக்கலாம். ஆண்டு முழுக்க இருக்கும் எதிரி தூசிதான்.

அந்தத் தூசி கையடக்கக் கேமராவை மட்டும் குறிவைத்துத் தாக்குவது போலத் தோன்றுவதற்குக் காரணம் அதன் அமைப்பு. பொத்தானை அழுத்தியதும் இரண்டு மூன்று குழல்களாக லென்ஸ் வெளியே நீள்கிறது. அணைத்தால் உள்ளே மடங்குகிறது. நீளும்போது உள்ளிருக்கும் இடம் கூடுவதால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. குழல்களின் இடுக்கில் வடிகட்டி எதுவும் இல்லை. காற்றோடு போன துகள் பல்சக்கரங்களில் சிக்கினால் லென்ஸ் பாதியில் நின்று, ‘லென்ஸ் எரர்’ என்று திரையில் எழுத்து வருகிறது. சென்சாரின் மேல் படிந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் மங்கிய கறை விழுகிறது. ஃபிலிம் காலத்துச் சிறு கேமராக்களிலும் தூசி போகத்தான் செய்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு படத்துக்கும் புதிய ஃபிலிம் துண்டு முன்னால் வந்தது. துகள் படிந்தாலும் அந்த ஒரு படத்தோடு போய்விடும். டிஜிட்டலில் முதல் படத்தையும் ஐயாயிரமாவது படத்தையும் வாங்குவது ஒரே பரப்பு. அந்தப் பரப்பும் மிகச் சிறியது. சாதாரணக் கையடக்கக் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது, 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. 16 மெகாபிக்சல் கேமராவில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 1.3 மைக்ரான். 20 மைக்ரான் துகள் ஒன்று அகலவாக்கில் பதினைந்து புள்ளிகளை மறைத்துவிடும். பெரிய சென்சாரில் கண்ணுக்கே படாத தூசி இங்கே திருமணப் படத்தில் மணமகள் நெற்றிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஆனால் கேமராவின் தலையில் ஏற்றப்படும் குற்றங்களில் பாதி அதனுடையவை அல்ல. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் வீணாவது இங்கேதான். ஏஏ பேட்டரி போடும் கேமராக்களில் பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான துத்தநாக-கார்பன் பேட்டரியைப் போட்டால், புதிதாக இருந்தாலும் லென்ஸ் நீளும்போது தேவைப்படும் மின்னோட்டத்தை அது தராது. ‘பேட்டரி தீர்ந்தது’ என்று கேமரா அணைந்துவிடும். அதே கேமரா நல்ல ஆல்கலைன் பேட்டரியிலோ ரீசார்ஜ் செய்யும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியிலோ ஒழுங்காக ஓடும். தனி லித்தியம் பேட்டரி உள்ளவற்றில், சில ஆண்டு வெயிலுக்குப் பிறகு பேட்டரி உப்பியிருக்கிறதா என்று தட்டையான மேசையில் வைத்துப் பார்த்தாலே தெரியும். படங்கள் பாதி சாம்பல் நிறமாக வருவதும் திறக்காமல் போவதும் பெரும்பாலும் மெமரி கார்டின் கோளாறு. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகள் சந்தையில் உண்டு. உண்மையான இடம் நிரம்பியதும் பிறகு எடுக்கும் படங்கள் கெடும். பழைய கேமராவில் 64 ஜிபி கார்டைப் போட்டு ‘கார்டு எரர்’ வந்தால் அதுவும் பழுதாகாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டின் முறையை அந்தக் கேமரா அறியாது. ஒவ்வொரு முறையும் தேதி பழையபடி திரும்பினால், நேரத்தைக் காக்கும் சிறு மின்கலம் ஓய்ந்துவிட்டது என்பதுதான் பொருள். படத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த ஊர்ப்பக்கத்தில் அடிக்கடி எழும் இன்னொரு புகார், இரவுப் படங்களில் வெள்ளை வட்டங்கள் மிதப்பது. பொங்கல் திருவிழாவில், முளைப்பாரி ஊர்வலத்தில், மண் தரையில் கூட்டம் நடக்கும் இடத்தில் எடுத்த படங்களில் இவை நிறைய வரும். லென்ஸில் குறை என்று கேமராவைக் கழற்றச் சொல்வார்கள். அவை காற்றில் மிதக்கும் புழுதியில் ஃபிளாஷ் பட்டுத் திரும்பிய ஒளி. சிறு கேமராவில் ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் இது கூடுதலாகத் தெரிகிறது. ஃபிளாஷை அணைத்து எடுத்துப் பார்த்தால் வட்டங்கள் மறைந்துவிடும். உண்மையான சென்சார் கறையைக் கண்டுபிடிக்க வேறு சோதனை உண்டு. ஜூமை முழுக்க நீட்டி, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ இரண்டு படம் எடுக்க வேண்டும். இரண்டாவது படத்துக்குக் கேமராவைச் சற்றுத் திருப்ப வேண்டும். கறை இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் அது கேமராவுக்குள் இருக்கிறது. இடம் மாறினால் சுவரில் இருக்கிறது. முன் கண்ணாடியை மென்துணியால் துடைத்தபின் மாறினால் அங்கேயே விஷயம் முடிந்தது. இந்தச் சோதனைகளுக்கெல்லாம் ஒரு பிற்பகல் போதும். செலவென்றால் ஒரு கார்டும் ஒரு ஜோடி பேட்டரியும்தான். திருப்புளியைக் கையிலெடுக்கும் ஆசை மட்டும் வேண்டாம்: ஃபிளாஷுக்கான மின்தேக்கி சுமார் 300 வோல்ட்டைத் தாங்கி நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும்.

இத்தனைக்குப் பிறகும் குறை நிற்குமானால்தான் அது பழுது. அப்போது கேட்க வேண்டியது, இதே கேமரா, இதே வயதில், நன்றாக ஓடும் நிலையில் இரண்டாம் கையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது. பழுதுபார்க்கும் கூலியை அந்த விலையோடு ஒப்பிட வேண்டும். கடைக்காரர் ஒப்பிடுவதோ கண்ணாடி அலமாரியில் இருக்கும் புதுக் கேமராவின் விலையோடு. அந்த ஒப்பீட்டில் தர உயர்வு என்ற இரண்டாவது கேள்வி சொல்லாமலே உள்ளே நுழைந்துவிடுகிறது. சென்சார் தூசியைத் துடைப்பது கேமராவைப் பிரித்து மூடும் கூலிதான்; உதிரிபாகம் எதுவும் தேவையில்லை. பேட்டரி முனைகளில் படிந்த களிம்பை நீக்குவதும் அப்படியே. லென்ஸ் குழல் உடைந்தாலோ பல் தேய்ந்தாலோ முழு லென்ஸ் தொகுதியையும் மாற்ற வேண்டும். அங்கேதான் கணக்கு கவிழ்கிறது. தொகுதி கிடைப்பதே அரிது என்பதற்குச் சந்தையின் வரலாறு காரணம். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2008-இல் சுமார் 11 கோடி கையடக்கக் கேமராக்கள் உலகச் சந்தைக்குப் போயின. 2023-இல் அது சுமார் 17 லட்சம். காசியோ 2018-இல் இந்தத் தொழிலை விட்டது. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவை 2021 ஜனவரியில் வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. உற்பத்தி நின்ற சில ஆண்டுகளில் உதிரிபாக இருப்பும் தீர்ந்துபோவது இத்தொழிலின் வழக்கம். ஆகவே 2012-இல் வாங்கிய கேமராவுக்கு இன்று லென்ஸ் தொகுதி வேண்டுமென்றால், இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ இதற்காகப் போய்வரும் செலவையும் ஒரு நாள் கூலியையும் பந்தல்குடிக்காரர் தன் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். நகரத்தாருக்கு அந்த வரி இல்லை.

குறை வாங்கியவருடையதே அல்லாத சந்தர்ப்பமும் உண்டு. 2005 அக்டோபரில், சோனி தயாரித்த சிசிடி சென்சார்களில் ஒரு குறை இருப்பது வெளியே வந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் சென்சாரின் உள் இணைப்புகள் விட்டுப்போய், திரை கறுத்தது அல்லது படம் கோணலாகிச் சிதறியது. அந்தச் சென்சாரைப் பயன்படுத்திய கேனான், நிக்கான், ஃபியூஜிஃபில்ம், கோனிகா மினோல்டா, ரிக்கோ போன்ற நிறுவனங்களும் சோனியும் மாதிரிப் பட்டியல்களை வெளியிட்டு, வாரண்டி முடிந்தவற்றையும் இலவசமாகச் சரிசெய்தன. கேனானின் பவர்ஷாட் ஏ60, ஏ70, ஏ75 எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவை. நம் நாட்டு வெப்பத்தில் அந்தக் கேமராக்களை வைத்திருந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இருந்திருக்க முடியாது. ஆனால் பட்டியலைத் தேடாமல் கேமராவைத் தூக்கிப்போட்டவருக்கு அந்த உரிமை கிடைத்திருக்காது. தூசி விஷயத்திலும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2012-இல் வந்த நிக்கான் டி600, கையடக்கக் கேமரா இல்லைதான், சென்சாரில் புள்ளிகள் சேர்வதற்குப் பெயர்பெற்றது. பயனர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2014 பிப்ரவரியில் நிறுவனம் வாரண்டி முடிந்தவற்றையும் இலவசமாகத் துடைத்து, ஷட்டரை மாற்றித்தர முன்வந்தது. சீன அரசுத் தொலைக்காட்சி அடுத்த மாதம் அதை நிகழ்ச்சியாக்கியது. அங்கே விற்பனை நிறுத்தப்பட்டது. ஒரே குறை பலரிடம் வருமானால் அது பயன்படுத்தியவரின் கவனக்குறைவாக இருக்க வழியில்லை.

இந்தியச் சட்டமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க வழிசெய்கிறது. பந்தல்குடிக்காரர் கேமராவைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் தன் விருதுநகர் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். சொந்தத் தொழிலாக ஸ்டுடியோ வைத்துப் பிழைப்பவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தொடங்கினால் பல விவகாரங்கள் ஆணையம் வரை போகாமலே தீரும். இதற்கு ஒரு மறுப்பு உண்டு: பத்தாயிரம் ரூபாய்க் கேமராவுக்காக யார் வழக்குக்கு அலைவது? சட்டம் மூன்று மாதம் என்றும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்றும் காலவரை சொன்னாலும், நடைமுறையில் நீள்கிறது என்பது உண்மைதான். ஆயினும் எழுத்தில் ஒரு புகாரும் கையில் ஒரு பில்லும் இருந்தால் சர்வீஸ் சென்டரில் பேச்சின் தொனி மாறும். எனக்கு இதைவிடக் கனமான தடையாகத் தெரிவது வாரண்டி அட்டையின் சிறிய எழுத்து. மணல், தூசி, நீர் ஆகியவற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலான அட்டைகள் சொல்கின்றன. வறண்ட நாட்டில் அந்தக் கேமராவுக்கு வரக்கூடிய முதன்மையான பழுதையே அவை விலக்கி வைக்கின்றன. நீட்டி மடக்கும் லென்ஸ் தூசியை இழுக்கும் என்று தெரிந்தே வடிவமைத்து விற்றுவிட்டு, தூசிக்குப் பொறுப்பில்லை என்பது நேர்மையான வணிகமாக எனக்குப் படவில்லை. இந்த வாதத்தை ஆணையங்களின் முன் வைத்துப் பார்க்கலாம். 2019 சட்டம், வடிவமைப்பில் உள்ள குறைக்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் ஓர் அத்தியாயத்தையே கொண்டிருக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்வி. பழுதை மறந்துவிட்டு, கேமரா நன்றாக ஓடிய காலத்துப் படங்களைப் பரப்பி வைத்து, எவை தோற்றன, எதனால் தோற்றன என்று பார்க்க வேண்டும். மாலை மங்கியபின் எடுத்தவை புள்ளி புள்ளியாக இருந்தால், சென்சாரின் பரப்பு போதவில்லை. அங்கே இன்னொரு மலிவான கையடக்கக் கேமரா உதவாது. அதன் சென்சாரும் அதே 28 சதுர மி.மீ. தான், பெட்டியில் எத்தனை மெகாபிக்சல் அச்சிட்டிருந்தாலும். நடுத்தர விலைக் கைப்பேசிகள் பலவற்றின் முதன்மைக் கேமரா இன்று அதைவிடப் பெரிய சென்சாரைக் கொண்டிருக்கிறது. ஒரு அங்குல வகைச் சென்சார் ஏறக்குறைய 116 சதுர மி.மீ.; 2012-இல் சோனி ஆர்எக்ஸ்100 அதைச் சட்டைப்பையில் அடங்கும் கேமராவுக்குள் கொண்டுவந்தது. உயர்வு என்று சொல்லத்தக்க முதல் படி அதுதான். தோற்றவை தொலைவில் இருந்த பொருள்களின் படங்கள் என்றால் கதை வேறு. திருச்சுழி திருமேனிநாதர் கோயில் கோபுரத்தின் மேல்நிலைச் சுதைச் சிற்பத்தையோ, கண்மாயின் நடுவே நிற்கும் நாரையையோ எடுக்க நீண்ட ஜூம் வேண்டும். பெரும்பாலான கைப்பேசிகளின் டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். “கைப்பேசி வந்தபின் கேமரா எதற்கு” என்பவர்களின் வாதம் பெருமளவு சரி என்றாலும், இந்த இடத்திலும், அடர்ந்த இருட்டில் செனான் ஃபிளாஷின் வீச்சு தேவைப்படும் இடத்திலும் அது நிற்காது. படம் கலங்கியதற்குக் கை நடுக்கம் காரணம் என்று தெரிந்தால், தேவை ஒரு முக்காலி.

உயர்வு தேவைதான் என்று முடிவானவர் இந்த நிலத்துக்கு ஏற்ற வடிவத்தைத் தேட வேண்டும். ஐபி 68 என்று போட்டிருந்தால் எல்லோரும் தண்ணீருக்கான இரண்டாம் எண்ணைப் பார்க்கிறார்கள். பந்தல்குடியில் பார்க்க வேண்டியது முதல் எண்ணை. 6 என்றால் தூசி புகாது. 5 என்றால் ஓரளவு புகும், இயக்கத்தைக் கெடுக்காது. நல்ல கைப்பேசிகள் பலவற்றில் இந்த 6 இருக்கிறது. நீட்டி மடக்கும் லென்ஸ் உள்ள கையடக்கக் கேமராக்களில் தேடினாலும் கிடைக்காது. 2023-இல் வந்த ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7, லென்ஸை உடலுக்குள்ளேயே நகர்த்துவதால் தூசி புகாத வகை. ஆனால் அதன் சென்சார் சிறியது, ஆகவே வெளிச்சக் குறைவுக்கு அது மருந்தாகாது. 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3, பெரிய சென்சாரோடு, அதிலுள்ள தூசியை அதிர்வால் உதறும் ஏற்பாட்டையும் கொண்டது. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100விஐ கேமராவுக்கு முன்பக்கம் அடாப்டர் வளையமும் ஃபில்டரும் பூட்டினால்தான் தூசிக் காப்பு முழுமையாகும். அவற்றைத் தனியாக வாங்க வேண்டும். லென்ஸை மாற்றும் வகைக் கேமராவில் தூசி போக வாய்ப்பு இன்னும் கூடுதலே என்று ஒருவர் மறுக்கலாம். போகும்தான், ஆனால் லென்ஸைக் கழற்றி ஊதுபந்தால் அடித்துத் துடைக்கலாம், அதற்கு யாரிடமும் போக வேண்டியதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் படமெடுத்துப் பிழைக்கிற ஒருவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், பழைய மாதிரியாக இருந்தாலும், இரண்டாம் கையாக இருந்தாலும். வீட்டு விசேஷத்துக்கும் பயணத்துக்கும் மட்டும் எடுப்பவர், பழைய கேமரா சில நூறு ரூபாயில் சரியாகுமென்றால் சரிசெய்துவிட்டு, இறுக மூடும் டப்பாவில் போட்டு வைத்தால் போதும்.

அண்மையில் இளைஞர்களிடையே பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு மவுசு கூடியிருப்பதால் இரண்டாம் கை விலை ஏறியிருக்கிறது. பழுதானவற்றைக்கூடப் பாகங்களுக்காக வாங்குகிறார்கள். ஆகவே ஓடாத கேமராவைக் குப்பையில் போட வேண்டாம், பேட்டரியைத் தனியாகக் கழற்றிவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம். வாங்குபவர் முதலில் மேலே சொன்ன வானச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். புதுக் கேமராவைப் பில்லின்றி வாங்கினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சமாகலாம், ஆனால் வாரண்டியும் நுகர்வோர் வழக்குக்கான சான்றும் அதோடு போய்விடும்.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தையும் திறந்தது. பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்க முடியும் என்று மதிப்பெண் போடும் குறியீட்டுக்கான அறிக்கை 2025 மே மாதம் தரப்பட்டது. முதல் கட்டம் கைப்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும். கேமராக்களையும் இதில் சேர்க்க வேண்டும். லென்ஸ் தொகுதி தனியாகக் கிடைக்குமா, எத்தனை ஆண்டு கிடைக்கும், தூசிக் காப்பு எண் என்ன என்ற மூன்றையும் மெகாபிக்சல் அச்சிடும் அதே பெரிய எழுத்தில் பெட்டியின் மேல் அச்சிடச் செய்தால், கடைக்குப் போகும் முன்பே பந்தல்குடிக்காரர் தன் கணக்கைப் போட்டுவிட முடியும்.